தில்லையம்மாளின் சொந்த மறதி

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி சண்டே மார்க்கெட் நெரிசலில் தில்லையம்மாளின் போன் காணாமல் போயிற்று. தலையணை உறைக் கடையில் பேரம் பேசும்போது பையில் இருந்தது. பணம் அனுப்பலாம் என்று கையை விட்டபோது இல்லை. பையைக் கவிழ்த்து உதறினாள். கண்ணாடிக் கூடும் இரண்டு எலுமிச்சம்பழமும் வீட்டுச் சாவியும் விழுந்தன. போன் விழவில்லை.

உறை விற்றுக்கொண்டிருந்த செல்வகுமார் நல்ல மனிதர். தன் போனை எடுத்தார்.

"நம்பர் சொல்லுங்கம்மா, ரிங் விட்டுப் பாப்போம். இங்கதான் எங்கனா வுழுந்திருக்கும்."

தில்லையம்மாள் வாயைத் திறந்தாள். ஒன்பது என்று ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ரீசார்ஜ் கடையில் கேட்டால்கூட போனைத் திறந்து காட்டித்தான் பழக்கம். தன் எண்ணைத் தானே கூப்பிட வேண்டிய அவசியம் யாருக்கு வருகிறது?

"பரவால்ல. வீட்டுல யாருதாச்சும் சொல்லுங்க, அவங்ககிட்ட கேப்போம்."

இப்போது எண் வந்தது. யோசிக்காமலே, "எங்க வூட்டுக்காரரு நம்பரு" என்று நாக்கு தானாகப் பத்து எண்ணையும் உருட்டிவிட்டது. செல்வகுமார் அழுத்தினார். மணி போயிற்று. யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

"யம்மா, சாரு இருக்காரா? அவரு வீட்டம்மா இங்க மார்க்கெட்ல போனத் தொலைச்சிட்டு நிக்கிறாங்க. கொஞ்சம் அவர்கிட்ட குடுங்க."

அந்தப் பக்கத்தில் குரல் உயர்ந்தது, தில்லையம்மாளுக்கே கேட்டது.

"யாருங்க நீங்க? இது எங்க அப்பா நம்பர். அவரு போயி ஒரு வருஷம் ஆவுது."

செல்வகுமார் போனைக் காதிலிருந்து இறக்கினார். தில்லையம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த முக்காலியை எழுந்து நகர்த்தி, குழந்தையிடம் பேசுவதுபோல், "உக்காருங்கம்மா. ஒண்ணுமில்ல. உக்காருங்க" என்றார். அந்தக் கனிவுதான் அவளுக்கு முதலில் சுருக்கென்று தைத்தது.

இறந்துபோன கணவர் தெய்வநாயகத்தின் எண்ணை மகள் சரிதா சென்னைக்கு எடுத்துப் போயிருந்தாள். கேஸ் பதிவு, மின்சாரக் கட்டணம், வங்கி எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். மாற்றலாம் மாற்றலாம் என்று தள்ளிக்கொண்டே போனதில், ஆள் போன பிறகும் ஓடிபி எல்லாம் அவருக்கே வந்துகொண்டிருந்தது.

தில்லையம்மாள் போனை வாங்கினாள். "சரிதா, நான்தான்."

"ம்மா! எங்க இருக்க நீ? அப்பாவ எதுக்கும்மா கூப்புட்ட?"

"அப்பாவக் கூப்புடலடி. எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு நம்பர்தான்."

"என் நம்பர் தெரியாதா உனக்கு?"

"தெரியாது."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் அன்று சாயங்காலமே சரிதாவும் அவள் புருஷன் வினோத்குமாரும் காரில் வந்து இறங்கிவிட்டார்கள்.

கதிர்காமத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தில்லையம்மாள் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வகுப்பில் ஏதாவது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பதிவேட்டைப் புரட்டாமல் அப்பன் வேலை செய்யும் இடத்துக்கு போன் போடுவாள். அது பெரிய திறமை என்று அவளும் நினைத்ததில்லை, பிறரும் சொன்னதில்லை. வேறு வழியில்லாத காலத்தில் எல்லார் தலையிலும் இப்படி ஏதாவது இருந்தது.

அவள் ஓய்வு பெற்ற வருடம் தெய்வநாயகம் இருவருக்கும் ஒரே மாதிரி போன் வாங்கி வந்தார். பொதுப்பணித் துறையில் இருந்தவர், புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாக வாங்கிப் பார்ப்பார். முதலில் எண்கள் அதற்குள் போயின. பிறகு பிறந்தநாள்கள், அமாவாசை, மாத்திரை நேரம். மளிகைக்குப் போகும் முன் என்ன வேண்டும் என்று அதனிடம் சொல்லி வைப்பாள். கடையில் அது திருப்பிச் சொல்லும். வில்லியனூரில் நாத்தனார் வீட்டுக்கு, கல்யாணமான நாளிலிருந்து போய் வந்த வீட்டுக்கு, ஒரு தடவை போனில் வழி போட்டுக்கொண்டு போனாள். தெய்வநாயகம் சிரித்தார். "என் தங்கச்சி வூடு அவ்ளோ தூரமாப் போயிட்டுதா?" என்றார். அவளும் சிரித்தாள். எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை. தலை லேசாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் போன பிறகு அவள் அந்தப் போனிலேயே குடியிருந்தாள். அதில் அவர் படங்கள் இருந்தன. கடற்கரையோரம் பெத்தாங் என்ற குண்டு எறியும் ஆட்டம் ஆடப் போகும்போது எடுத்தவைதான் அதிகம். கையில் இரும்புக் குண்டோடு, ஒரு கண்ணைச் சுருக்கி, தூரத்தில் கிடக்கும் சின்னக் கட்டையைக் குறி பார்த்தபடி. காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பாள். பால் காயும்போது பார்ப்பாள். அழுகை வந்தால் பார்ப்பாள், வராவிட்டால் வருவதற்காகப் பார்ப்பாள்.

இதெல்லாம் சரிதாவுக்குத் தெரியாது. வீட்டுக்குள் வந்ததும் அவள் நேரே சமையலறைக்குப் போய் அடுப்புக் குமிழைத் திருகிப் பார்த்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து ஒவ்வொரு கிண்ணத்தையும் முகர்ந்தாள்.

"இன்னாடி பண்ற?" என்றாள் தில்லையம்மாள்.

"சும்மாதாம்மா."

"சும்மா யாராச்சும் சாம்பார மோந்து பாப்பாங்களா? நேத்து வெச்சது. நல்லாத்தான் இருக்குது. சாப்புடுறியா?"

வினோத்குமார் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, மிகவும் மரியாதையாக, "அத்த, நாளைக்கு ஒரு டாக்டர பாத்துட்டு வந்துடலாம். சும்மா ஒரு செக்கப்" என்றான்.

அந்த வீட்டில் அன்று எல்லாமே சும்மாவாக இருந்தது.

மறுநாள் போன மருத்துவமனையில் கலைவாணி என்ற டாக்டர் இருந்தார். வயது குறைவு, பொறுமை அதிகம். இன்று என்ன தேதி, என்ன கிழமை, இது எந்த ஊர் என்று கேட்டார். தேதியில் தில்லையம்மாள் தடுமாறினாள். கிழமையைச் சொல்லிவிட்டாள். காகிதத்தில் கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எழுபதுகளுக்கு வரும்போது கணக்கு கலைந்தது. கை தானாகப் பைக்குள் போனது. அங்கே போன் இல்லை. ஐந்து வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, வேறென்னவோ பேசிவிட்டு, அந்த ஐந்தையும் திரும்பக் கேட்டார். மூன்றுதான் வந்தது.

சரிதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இத வச்சி நோய்னு சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். "துக்கம், தூக்கமில்லாதது, தனிமை, எது வேணா காரணமா இருக்கலாம். ஸ்கேன், ரத்தம் எல்லாம் பாத்துடுவோம். சில மாசம் கழிச்சி மறுபடியும் வாங்க."

"டாக்டர், போனால இப்படி ஆவுமா?" என்று கேட்டாள் தில்லையம்மாள்.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "நிச்சயமா ஆவும்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா நாம பயிற்சி குடுக்காத வேலையில மூளை மந்தமாத்தான் இருக்கும். அது எனக்கும் அப்படித்தான்."

இதில் அவரவருக்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். ஸ்கேனிலும் ரத்தத்திலும் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சரிதாவின் காதில் நின்றது 'மறுபடியும் வாங்க' மட்டும்.

"சென்னைக்கு வந்துடும்மா. இங்க தனியா இருந்து இன்னா பண்ணப் போற? வீட்ட வாடகைக்கு விட்டுடலாம். பக்கத்துலயே ஆள் கேக்கறாங்களாம்."

கேட்டு வைத்தாயிற்று என்று தில்லையம்மாளுக்குப் புரிந்தது. உழவர்கரையில் அவளும் தெய்வநாயகமும் மாடியில்லாமல் கட்டிய சின்ன வீடு. அதில்தான் அவர் கடைசியாக மூச்சு விட்டார். அங்கே இனி வேறு யாரோ பல் விளக்குவார்கள்.

"வரல" என்றாள்.

வினோத்குமார் புது போன் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். "சரி, அதுக்கு முன்னாடி இதப் புடிங்க அத்த. பழசுல இருந்தது எல்லாம் இதுல வந்துடுச்சி. எங்க போனாலும் நீங்க எங்க இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியற மாதிரி போட்டிருக்கேன்."

அவன் திரையைத் தொட்டான். தெய்வநாயகம் வந்தார். கையில் குண்டு, சுருங்கிய கண். தில்லையம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணை மூடி, படமில்லாமல் அவரை நினைக்கப் பார்த்தாள். வந்தது அதே படம்தான். இன்னொரு தடவை முயன்றாள். வேறொரு படம் வந்தது. மகள் கல்யாணத்தில் மாலையோடு நின்றது. ஆள் வரவில்லை. நாற்பது வருடம் பக்கத்தில் படுத்த மனுஷன், போனில் இருந்த சட்டத்தை விட்டு வெளியே வரமாட்டேன் என்றான்.

போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். 

"எனக்கு இது வாணாம்."

"ம்மா, அப்பா போட்டோ எல்லாம் அதுலதான் இருக்குது!"

"அதுக்குத்தான் வாணான்றேன். எடுத்துக்கினு போ, பத்திரமா வெச்சிக்க. என் மனுஷன நானே ஞாபகம் வெச்சிக்கறேன்."

வினோத்குமார் கணினி வேலை செய்பவன். விவாதம் என்றால் நிமிர்ந்து உட்காருவான். "அத்த, கால்குலேட்டர் வந்தப்பவும் இப்படித்தான் பயந்தாங்க. சின்னச் சின்ன ஞாபகத்த மெஷின் பாத்துக்கும். மூளை வேற பெரிய வேலை பாக்கலாம்."

"நீங்க சொல்றது சரிதான் மாப்ள. நீங்க பாக்கறீங்க. நான் இன்னா பெரிய வேல பாத்தேன், சொல்லுங்க? மூளைகிட்ட இருந்த வேலய வாங்கிட்டு அத சும்மா உக்கார வெச்சிட்டேன். உக்காந்து உக்காந்து அதுக்குக் காலு மரத்துப்போச்சி. இப்ப அதுக்கு நோய்னு பேரு வெக்கறீங்க."

"அப்ப நோய் இல்லன்னு எப்படி சொல்ற?" என்றாள் சரிதா. அவள் குரல் உடைந்திருந்தது. "அப்பாவ அப்படி விட்டுட்டோம். நெஞ்சு வலிக்குதுன்னதுக்கு சாதாரண வாயுன்னு நீதான் சொன்ன. உன்னயும் விடச் சொல்றியா?"

மகளின் பயம் எங்கிருந்து வருகிறது என்று தில்லையம்மாளுக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. அதற்காக விட்டுக்கொடுக்க முடியாது என்பதும் தெரிந்தது.

"மாசி மகம் வரைக்கும் டைம் குடு. நோயா, சோம்பேறித்தனமான்னு நானே பாக்கறேன். ஒரு பட்டன் போன் வாங்கிக் குடு. தெனம் ரெண்டு வேள நானே உனக்குப் பண்றேன். ஒரு வேள தவறினாலும் வந்து இட்டுக்கினு போ."

பட்டன் போன் வந்தது. அதில் ஒரு பெயரையும் பதியக் கூடாது என்று தில்லையம்மாள் சொல்லிவிட்டாள். சரிதாவின் எண்ணை மனப்பாடம் செய்தாள். முதல் நாள் காலை நம்பிக்கையாக அழுத்தினாள்.

"கமலக்கண்ணன் டூவீலர் ஒர்க்ஸ், அரியாங்குப்பம். சொல்லுங்க."

கடைசி இரண்டு எண் இடம் மாறிவிட்டிருந்தது. சாயங்காலமும் மாறியது. அந்த வாரத்திலேயே கமலக்கண்ணன் குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

"யம்மா, மறுபடியும் நானேதான். பொண்ணு நம்பரு இன்னும் வசப்படலியா?"

"இருப்பா, இருப்பா. நீ எதுவும் சொல்லாத. நானே யோசிக்கறேன்."

"யோசிங்க, யோசிங்க. அப்படியே வண்டி எதனா சர்வீசுக்கு இருந்தாலும் யோசிச்சி வையுங்க."

இருந்தும் ஒரு வேளைகூடத் தவறவில்லை. சில நாள் சரிதாவுக்கு முன்பே கமலக்கண்ணனிடம் நலம் விசாரித்துவிடுவாள், அவ்வளவுதான்.

மளிகைக்கு எதையும் சொல்லி வைக்காமல் போனாள். முதல் தடவை புளியை விட்டுவிட்டு வந்தாள். திரும்பப் போனாள், புளியை வாங்கி, உப்பை விட்டாள். மூன்றாவது முறை கடைக்காரர் அரிகிருஷ்ணன், "இன்னாம்மா, கடைய வெல பேசறீங்களா?" என்றார். "ஆமா, உன்னயும் சேத்து" என்று சொல்லிவிட்டு உப்போடு வந்தாள். மீன் கொண்டுவரும் அஞ்சலாட்சி தெருவிலிருந்தே கத்துவாள்: "இன்னாக்கா, போன வுட்டுட்டு சாமியாராப் போயிட்டியாமே? சாமியாருக்கு வஞ்சிரம் வாணாமா?"

ஆனால் எல்லா நாளும் சிரிக்கும்படி இல்லை. யோசிப்பது உடம்பு வலிக்கிற வேலை என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். பேப்பரில் ஒரு செய்தியை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் கை எதையோ தேடும். ஒரு பெயர் நினைவுக்கு வராவிட்டால் உடனே யாரையாவது கேட்கத் தோன்றும். கேட்காமல் அப்படியே கிடக்க விடுவாள். சில சமயம் துணி துவைக்கும்போது பெயர் தானாக வந்து நிற்கும். தெருக்கோடியில் போனவனைக் கூப்பிட்டுப் பிடித்ததுபோல் ஒரு சந்தோஷம். சில சமயம் வராது. ஒருவேளை சரிதா சொல்வதுதான் நிஜமோ? அந்த நாளில்தான் வீம்பாக இன்னும் கொஞ்ச தூரம் நடப்பாள். தெரியாத தெருவுக்குள் நுழைந்து, வெயிலையும் கோயில் கோபுரத்தையும் பார்த்து வெளியே வருவாள். ஒரு தடவை வழி தவறி, பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த பெண்ணைக் கேட்டாள். அந்தப் பெண் போனை எடுத்தாள். "அதுல வாணாம்மா, கைய காட்டு போதும்" என்றாள் தில்லையம்மாள்.

தெய்வநாயகம் வரவில்லை. நவம்பர் மழை முழுதும் அவள் காத்திருந்தாள். போனைத் திருப்பிக் கொடுத்த பிறகு படங்களும் மங்கத் தொடங்கின. படமும் போய் ஆளும் இல்லாமல் நடுவில் நின்றபோது, தான் செய்தது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியது. சரிதாவைக் கூப்பிட்டு, ஒரே ஒரு படம் அச்சுப்போட்டு அனுப்பச் சொல்லலாம் என்று இரண்டு தடவை எண்ணை அழுத்தினாள். இரண்டு தடவையும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்தாள்.

மார்கழியில் ஒரு காலை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் இருமினார்.

சத்தம் வெளியிலிருந்து வரவில்லை. பல் விளக்கும்போது அவர் இருமும் இருமல்; தொண்டையைச் செருமி, ஒரு நொடி விட்டு, மறுபடியும். அதை யாரும் பதிவு செய்து வைத்ததில்லை. அதன் பின்னால் வரிசையாக மற்றவை வந்தன. ஆட்டம் முடிந்து வந்ததும் குண்டைப் பழைய துண்டால் துடைப்பது, தோற்ற நாளில் அதிக நேரம் துடைப்பது. கோபம் வந்தால் மீசையின் ஓரத்தைக் கடிப்பது. கடைசியில் முகமும் வந்தது. அழகான முகம் இல்லை, படத்தில் இருந்ததுபோலச் சிரிக்கவும் இல்லை. "டீத்தூள் தீந்துபோச்சி" என்று குறை சொல்லும் முகம். தில்லையம்மாள் கோலமாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அவர் போன நாளில்கூட அவ்வளவு அழவில்லை.

மாசி மகத்துக்கு முதல் நாள் சரிதாவும் வினோத்குமாரும் வந்தார்கள். மறுபடியும் அதே டாக்டர். தேதி சரியாகச் சொன்னாள். ஏழு ஏழாகக் கழித்து, மெதுவாக, விரலை மடக்காமல், டாக்டர் போதும் என்னும் வரை இறங்கினாள். புதிதாக ஐந்து வார்த்தைகள். நான்கு வந்தது. ஐந்தாவதற்காக டாக்டர் பொறுமையாகக் காத்திருந்தார். தில்லையம்மாள் கூரையைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள்.

"வரல" என்றாள்.

"முன்னைக்கு இப்ப நல்லாவே இருக்குது. வருஷத்துக்கு ஒரு தடவ பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கியதும் சரிதா சொன்னாள்: "ஒண்ணு மறந்துட்ட இல்ல?"

"மறந்தேன்."

"அது நாளைக்கு ரெண்டாவும். அப்புறம் அடுப்பாவும். துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டேம்மா. கொஞ்ச நாளைக்காச்சும் வா."

தில்லையம்மாள் காரின் பின்பக்கத்தைப் பார்த்தாள். காலையில் அவள் குளிக்கும்போதே அவளுடைய பெட்டியை ஏற்றியிருந்தார்கள். வினோத்குமார் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அதில் சம்மதமில்லை என்பது தெரிந்தது. அதற்காக அவனை மன்னிக்கவும் அவளுக்கு மனமில்லை.

"தெறங்க மாப்ள."

"அத்த..."

"தெறங்கன்னேன்."

அவன் திறந்தான். அவளே குனிந்து பெட்டியை இழுத்துக் கீழே வைத்தாள். கனமாக இருந்தது. சரிதா கையை நீட்டினாள். தில்லையம்மாள் அந்தக் கையை விலக்கினாள்.

"சரிதா, கேளு. அந்த ஒரு வார்த்தைய நான் மறந்தேன். நல்லாத் தேடிப் பாத்துட்டுதான் மறந்தேன். அது என் மறதி. போன வருஷம் நான் எதயும் மறக்கல தெரியுமா? மறக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல. எல்லாம் அதுகிட்ட இருந்துச்சி. இப்ப இருக்கறது கொறச்சலா இருந்தாலும் என்னுது."

"உனக்கு ஏதாவது ஆச்சின்னா?"

"ஆவும். எனக்கும் ஆவும், உனக்கும் ஆவும். அடுப்ப மறக்கற நாள் வந்தா நானே பொட்டியக் கட்டிக்கினு வரேன். இன்னிக்கி அந்த நாள் இல்ல. இன்னிக்கி நான் யார்னு எனக்குத் தெரியும். இது யார் வீடுன்னும் தெரியும்."

சரிதா அழுதாள். எதிர்வீட்டு மாலா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் விட்டாள். தில்லையம்மாள் மகளின் கண்ணைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். உள்ளே போய் அலமாரியைத் திறந்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது அது இருந்த தட்டில் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். ஒரு புடவை எந்தத் தட்டில் இருந்தது என்று தெரியவில்லை. சற்று நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தனக்குப் பிடித்த தட்டில் வைத்தாள்.